முதுகை அமுக்க ஓர் ஆள்

எனக்குப் பிரசவ வலி வயிற்றில் வரவில்லை, முதுகில் வந்தது. இதை யாரிடம் சொன்னாலும், "பிரசவம்னா அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டுகிறார்கள். அப்படித்தான் இல்லை. மற்றவர்களுக்கு அடிவயிற்றைப் பிடித்து இழுத்து, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுமாம். எனக்கு முதுகெலும்பு முடிகிற இடத்தில் யாரோ ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினார்கள். வலி இறங்குகிற நேரத்திலும் அதை உருவாமல் அப்படியே வைத்திருந்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதில் இந்த வலியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என் பெண்ணுக்கு இப்போது ஒன்றரை வயது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால், என் கணவர் மேல், அவர் லேமினேட் செய்து வைத்திருந்த ஒரு தாள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். மாமியார் மேலும் இருந்தது. அது மட்டும் ஆறிவிட்டது, அது எப்படி என்று சொல்கிறேன்.

எனக்கு ஊர் விருதுநகர் பக்கம். பத்தொன்பது வயதில் வேலைக்கென்று பஸ் ஏறி வந்தேன். சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஆறு பெண்களோடு தங்கி, காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே வேலை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். வேலையில் சிக்கல் என்றால் அதை இழுக்கலாம், மணி அடிக்கும், லைன் நிற்கும். இழுக்கலாம் என்று சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பார்கள். இழுத்தால் என்ன ஆகும் என்பது இழுத்த பிறகு தெரியும். லைன் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். சூப்பர்வைசர் வந்து, "இன்னாம்மா, உனக்கு மட்டும் எப்பவும் பிராப்ளம்" என்பார். ஏழு வருஷத்தில் நான் இரண்டே முறைதான் இழுத்தேன். விரலில் ஒயர் குத்தி ரத்தம் வந்த நாளில்கூட டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலையை ஓட்டினேன். எங்கள் லைனில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். வலித்தால் வாயை மூடிக்கொள்வதில் நாங்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள்.

கணவர் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்குவது அவர் வேலை. எந்த வேலையை எந்த வரிசையில், எத்தனை நொடியில் செய்ய வேண்டும் என்று படத்தோடு ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, மெஷினுக்கு மேலே மாட்டுவார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு வாழ்வதில் உள்ள கஷ்டம், அவர்களை வாய் நிறையத் திட்டவும் முடியாது என்பதுதான்.

நாங்கள் இருப்பது வடக்குப்பட்டில், அவர்களுடைய சொந்த வீட்டில். மாமியார் வேறொரு கம்பெனியின் கேன்டீனில் சப்பாத்திக்கு மாவு பிசைகிறார். விடியற்காலையில் போனால் அண்டா அண்டாவாகப் பிசைந்து உருட்டிவிட்டு மாலையில் வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறை நிலைக்கதவுக்குப் போய், அதில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்பார். காபி போட நான் உள்ளே போகவும் முடியாது, உள்ளே இருந்தால் வெளியே வரவும் முடியாது. "கொஞ்சம் தள்ளிக்கோங்க அத்தை" என்பேன். ஒரு அடி தள்ளுவார், நான் போனதும் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவார். மூன்று வருஷமாகத் தினமும் இதே கூத்து. நிற்பதற்கு வீட்டில் வேறு இடமா இல்லை என்று எனக்கு எரிச்சல் வரும்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற பேச்சே எழவில்லை. வளைகாப்பு முடிந்தும் நான் இங்கேயேதான் இருந்தேன்.

ஏழாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சிஸ்டர் எங்களையெல்லாம் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். அன்றைக்குக் கணவருக்கு வாராந்திர விடுப்பு. கூடவே வந்து, பத்துப் பதினைந்து வயிறுகளுக்கு நடுவில் ஒரே ஆம்பிளையாக நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டார். வலி வந்ததும் மல்லாந்து படுத்துவிடாதீர்கள், முடிந்தவரை நடங்கள் என்றார் சிஸ்டர். சுவரைப் பிடித்து முன்னால் சாய்ந்து நில்லுங்கள், இடுப்பை மெதுவாக ஆட்டுங்கள், குழந்தை தவழ்கிற மாதிரி கையையும் முட்டியையும் ஊன்றிக்கொள்ளுங்கள். சிலருக்கு வலி முதுகிலேயே வந்து தங்கிவிடும், அவர்களுக்கு வெந்நீர்ப் பை வைக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரை முதுகில் ஊற்றலாம். எல்லாவற்றையும்விட, கூட இருப்பவர் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முதுகெலும்பு முடிகிற தட்டையான இடத்தில் நன்றாக அழுத்திப் பிடித்தால் கேட்கும் என்று, முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைத் திருப்பி நிறுத்திச் செய்தும் காட்டினார்.

கணவர் கையைத் தூக்கினார். "எத்தனை செகண்டு அமுக்கணும் சிஸ்டர்?"

"வலி இருக்கிற வரைக்கும்."

"எவ்ளோ பிரஷர்?"

"அவங்க போதும்னு சொல்ற அளவு."

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அளவில்லாத வேலை அவரைப் பொறுத்தவரை வேலையே இல்லை.

வீட்டுக்கு வந்து மறுநாளே ஆரம்பித்தார். ஷிப்டு முடிந்து வந்ததும் பாய் விரித்து என்னை முட்டி போடவைத்து, போனில் ஸ்டாப் வாட்சை ஓடவிட்டு அழுத்துவார். எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து அதை அழுத்தி, எவ்வளவு ஊன்றினால் எத்தனை கிலோ என்று பழகிக்கொண்டார். தங்கள் கம்பெனியில் ஒரு மெஷின் இருப்பதாகவும், ஆள் உட்காருகிற மாதிரி அது நாள் முழுக்க சீட்டை அமுக்கிப் பார்க்கும் என்றும், கை சோர்ந்தால் அதை நினைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"நான் என்ன சீட்டா?" என்றேன்.

"சீட் இவ்ளோ பேசாது" என்றார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கை எனக்கு நன்றாக இருந்தது. ஒன்பதாம் மாதத்து முதுகுவலிக்கே அது அவ்வளவு இதமாக இருந்தது. அதனால் நானும் முணுமுணுத்துக்கொண்டே முட்டி போட்டேன்.

பிறகு அந்தத் தாள் வந்தது. சுடிதார் போட்ட என் முதுகைப் படமெடுத்து, இடுப்புக்குக் கீழே சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, பக்கத்தில் ஏழு ஸ்டெப் எழுதி, கம்பெனித் தாளைப் போலவே லேமினேட் செய்துகொண்டு வந்தார். அத்தனையும் இங்கிலீஷ்.

"இது யார் படிக்க?"

"ஸ்டாண்டர்டு அப்படித்தாம்மா. ஆடிட்ல பாப்பாங்க."

"என் முதுகை எவன் ஆடிட் பண்ண வாரான்?"

அவர் தாளை ஆஸ்பத்திரிப் பையில் பத்திரமாக வைத்தார். அவருடைய கம்பெனியில் சுவரில் ஒரு பெரிய கட்டம் மாட்டியிருப்பார்களாம். எந்த வேலைக்கு எந்த ஆள் பழகியிருக்கிறார் என்று அதில் இருக்கும். ஒரு வேலைக்கு ஒரே ஆள் இருக்கக் கூடாது, அவன் லீவு போட்டால் லைன் படுத்துவிடும், குறைந்தது இரண்டு பேரைப் பழக்க வேண்டும். இதை எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை. ஊருக்குச் சொன்ன அந்த உபதேசம் என் முதுகுக்கு மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பழகினது அவர் ஒருவர்தான்.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. மாமியார் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். பக்கத்துத் தெரு ஆட்டோவில் மூவரும் ஏறினோம். காலை ஷிப்டு பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஒரகடம் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. உட்கார்ந்தால் உயிர் போயிற்று. நான் திரும்பி, சீட்டின் மேல் முட்டி போட்டு, அதன் சாய்மானத்தைக் கட்டிக்கொண்டேன். ஆட்டோவின் சின்னப் பின் கண்ணாடிக்கு நேரே ஒரு லாரி டிரைவரின் முகம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் தன் வண்டியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒய்ங்கா உக்காரும்மா, போலீஸ்காரன் பாத்தா என்னைத்தான் கேப்பான்" என்றார் ஆட்டோக்காரர்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுபா" என்றார் மாமியார்.

கணவர் என் முதுகில் கையை ஊன்றினார். சரியாக அந்த இடம். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிற ஒன்றை வெளியேயிருந்து ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சுவிட முடிந்தது. வேகத்தடையெல்லாம் தாண்டி மருத்துவமனை வாசல் வரை அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை. இந்தக் கை இருந்தால் நான் பெற்றுவிடுவேன் என்று நினைத்தேன்.

வாசலில் காவலுக்கு இருந்த அம்மா கையை நீட்டி மறித்தார். "ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது. கூட ஒரு லேடீஸ் மட்டும்."

அது புது விதி இல்லை. அவர் தலைக்கு மேலேயே போர்டில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வகுப்பு எடுத்த சிஸ்டரும் சொல்லியிருந்தார், "பிரசவத்துல கூட இருக்கப்போற பொம்பளையை அடுத்த வாட்டி இட்டுனு வாங்க" என்று. அப்போது என் கணவர் செகண்டு கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன், கேட்டுவிட்டு, இவர் இவ்வளவு பழகியிருக்கிறாரே, விடாமலா போவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். போர்டு எழுதிப் பிழைக்கிற மனிதருக்கும் லைனில் மாட்டிய போர்டைப் படித்துப் பிழைக்கிற எனக்கும் அந்த ஒரு போர்டு கண்ணில் படவில்லை. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது.

அவர் கெஞ்சினார். "மேடம், நான் டிரெய்னிங் எடுத்துகினு இருக்கேன்" என்றார். அந்த அம்மா சிரிக்காமல், "உள்ள வேற பொம்பளைங்களும் இருக்காங்க சார்" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது. அதுவும் நியாயம்தான். உடனே இவர் வாசலிலேயே, வருகிற போகிற ஜனத்துக்கு நடுவில், தன் அம்மாவைத் திருப்பி நிறுத்திப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "அம்மா, தோ பாரு, ஸ்டெப் ஒண்ணு..."

"கைய எடுடா, மானம் போவுது" என்று மாமியார் அவர் கையைத் தட்டிவிட்டு, பையையும் தாளையும் பிடுங்கிக்கொண்டு என்னை உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே சிஸ்டர் சோதித்துப் பார்த்தார். குழந்தை தலைகீழாகத்தான் இருக்கிறது, ஆனால் முகம் மேலே பார்த்திருக்கிறது, அதன் முதுகு உன் முதுகோடு ஒட்டியிருக்கிறது என்றார். "அதான் உனக்குப் பின்னாடி இப்படி இடிக்குது. பயப்படாத, நேரம்தான் எடுக்கும். மல்லாக்கப் படுக்காத. நட, சாஞ்சிக்கோ, முட்டி போட்டுக்கோ. புள்ள திரும்பினாலும் திரும்பும், திரும்பாட்டியும் வலி கொஞ்சம் கொறையும்." மாமியாரைப் பார்த்து, "நீங்க நல்லா அமுக்கி விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

மாமியார் அமுக்கினார். எங்கே என்று நினைக்கிறீர்கள். முதலில் காலை அமுக்கினார், பிறகு தோளை. நெற்றியில் விபூதி பூசி அதையும் அமுக்கினார். முதுகுக்கு வந்தபோது பூனையைத் தடவுகிற மாதிரி மேலிருந்து கீழே தடவினார். எனக்கு வேண்டியிருந்த இடத்துக்கு நான்கு விரற்கடை மேலேயே ஒவ்வொரு முறையும் அந்தக் கை திரும்பிப் போயிற்று.

"இப்ப எப்டி கீது?"

"பரவாயில்ல அத்தை."

இந்த 'பரவாயில்ல'வை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்ல. ஆனால் என்ன செய்வது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் அவர் காலைத் தொட்டு விழுந்து கும்பிட்டிருக்கிறேன். அவர் என் நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறார். அதைத் தவிர எங்களுக்குள் தொட்டுப் பழக்கமே இல்லை. மாமியாருக்கு மருமகள் கால் பிடித்துவிடுவாள், அது நடக்கிற காரியம். மாமியாரை இடுப்பு பிடிக்கச் சொல்லி, அதுவும் "அங்கே இல்லை, இங்கே" என்று வேலை ஏவுகிற மருமகளை எங்கள் ஊரிலும் பார்த்ததில்லை, இந்த ஊரிலும் பார்த்ததில்லை.

வெந்நீர்ப் பை கொஞ்ச நேரம் கேட்டது. பிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீர் இரண்டு முறையோடு தீர்ந்தது. முதுகுக்கு வைக்கவென்று கணவர் ஒரு சாக்ஸுக்குள் போட்டுப் பையில் வைத்திருந்த ரப்பர் பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வலியில் நான் துள்ளியதும் அது நழுவி, உருண்டு, இரண்டு படுக்கை தாண்டிப் போய்விட்டது. குனிந்து எடுக்க என்னால் முடியுமா, மாமியாரால் முடியுமா. அது அங்கேயே கிடந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. வாசலில் நிற்கிற என் கணவர்.

"மூணாவது ஸ்டெப் முடிஞ்சிதா? அம்மா கரெக்டா பண்றாங்களா? எத்தனை செகண்டு?"

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. சொல்லிவிட்டுப் போனை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பையிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஏன்டா, இதுல இன்னாடா எழுதிக்கீது? ஒரு எழுத்தும் புரியல. படத்துல யாரு... ஐய, இது இவ முதுகுதானே. இத எவன் பாக்கறதுக்கு இப்டி படம் புடிச்சே?" என்று போனை வைத்துவிட்டு, வேறு யார் கண்ணிலும் பட்டுவிடாமல் தாளைத் திருப்பிப் பிடித்து எனக்கு விசிறத் தொடங்கினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். விசிறிக்கு உதவியது.

மத்தியானம் ஆகிவிட்டது. சிஸ்டர் வந்து பார்த்து, இன்னும் பாதிகூட ஆகவில்லை என்றார். இன்னும் இத்தனை நேரம் என்னால் முடியாது என்று அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன். என் அம்மா இல்லையே என்ற நினைப்பு அதுவரை வராதது அந்த நிமிஷம் வந்தது. அடுத்த வலி ஏறியது. மாமியார் கை மறுபடி தடவிக்கொண்டே வந்து, அதே நான்கு விரற்கடைக்கு முன்னால் திரும்பியது.

"அங்கன இல்ல" என்று கத்திவிட்டேன். "கீழ. இன்னும் கீழ. தடவாதீங்க அத்தை, அமுக்குங்க. கேன்டீன்ல மாவு எப்படிப் பிசைவீங்க, அந்த மாதிரி அமுக்குங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. லைன் நின்றபோது திரும்பிப் பார்ப்பார்களே, அதே பார்வை.

மாமியார் விசிறியைக் கீழே போட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். ஒரு காலைப் பின்னால் வைத்து ஊன்றிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அந்த இடத்தில் வைத்து, கையால் இல்லை, முழு உடம்பின் பாரத்தால் அமுக்கினார். எத்தனையோ வருஷமாக அண்டா மாவை அடக்கிய கை அது. என் கணவர் எடை மெஷினில் பழகியதெல்லாம் அதன் முன்னால் குழந்தை விளையாட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வலிக்குதா?" என்று கையை எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்க."

"முன்னாடியே சொன்னா இன்னா? நீ வலிக்குதுன்னு சொல்லுவியோன்னு பயந்துகினு நான் தடவிகினு கீறேன். அழுத புள்ளைக்குத்தான் பாலு. வாயத் தொறக்காம பரவால்ல பரவால்லன்னா எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

அவருக்கும் என் மேல் எரிச்சல்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்திருக்கிறார். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்துகொண்டே நல்ல கூட்டாளிகளாகிவிட்டோம். வலி வரும்போது நான் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்வேன், அவர் ஊன்றுவார். வலி இறங்கும்போது இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்து உள்ளே சேர்த்துப் பிடிப்பார். அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவருக்கு செகண்டு கணக்கில்லை. என் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஏற்றினார், இறக்கினார். வந்த சிஸ்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "இப்படியே பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வலிகளுக்கு நடுவில் அவரே சொன்னார். "இவனைப் பெத்தப்ப எனக்கும் இப்டித்தான். முதுகுலயே நின்னுச்சி."

"யார் அமுக்கி விட்டா?"

"எவ வந்தா? ரெண்டு பேரைக் கேட்டேன். 'எல்லாருக்கும் வர்றதுதான், தாங்கிக்கோ'ன்னாளுங்க. வூட்ல நிலக்கதவு இருந்துச்சி. அதுல தேச்சிகினு நின்னேன், அப்பால வண்டி வந்துச்சி." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வலி வந்தது. பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் கையை ஊன்றினார்.

சாயங்காலம், ஷிப்டு பஸ்கள் திரும்புகிற நேரத்தில், பெண் பிறந்தாள். குழந்தை கடைசியில் திரும்பியதா, இல்லை திரும்பாமலேயே வந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. வாசலில் நின்றிருந்த கணவர் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றித்தான், அதற்காக அவரை மன்னிக்கிறேன். இரண்டாவதாகக் கேட்டது, தாள் உபயோகமாக இருந்ததா என்று.

"நல்லா காத்து வந்துச்சி" என்றார் மாமியார்.

மறுநாள் மாமியாரின் இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பரவால்ல" என்றார். நான் முறைத்தேன். அதற்கப்புறம்தான் வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டு சிஸ்டரிடம் கையைக் காட்டினார்.

கணவர் தாளைத் திருத்தி எழுதினார். இந்த முறை தமிழில். என் முதுகுப் படத்தை எடுத்துவிட்டு, கோட்டுச் சித்திரமாக ஒரு முதுகு வரைந்து, அடியில் 'பழகிய ஆட்கள்' என்று கட்டம் போட்டு, தன் பெயருக்கு மேலே அவர் அம்மா பெயரை எழுதினார். எங்கள் தெருவில் அடுத்துப் பிரசவத்துக்கு இருந்த பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண்ணின் அம்மாவையும் நாத்தனாரையும் உட்காரவைத்துப் பழக்கிவிட்டுத்தான் வந்தார்.

மூன்றாம் மாதம் மாமியார் மறுபடி கேன்டீனுக்குப் போக ஆரம்பித்தார். முதல் நாள் சாயங்காலம் வந்தார், செருப்பைக் கழற்றினார், நேராக நிலைக்கதவுக்குப் போனார். குழந்தைக்கு வெந்நீர் எடுக்க நான் உள்ளே போக வேண்டும். "கொஞ்சம் தள்ளிக்கோங்க அத்தை" என்று வாய்வரை வந்துவிட்டது. நிலைக்கதவில் அவர் முதுகு படுகிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து உள்ளே மரம் தெரிந்தது. அது ஒரு நாளில் தேய்ந்தது இல்லை. மூன்று வருஷமாக நான் தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன். ஒரு நாள்கூட "முதுகு வலிக்குதா அத்தை" என்று கேட்டதில்லை. தள்ளிக்கோங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு வெட்கமும், என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரமும் வந்தது.

குழந்தையைக் கணவர் மடியில் போட்டுவிட்டு வந்தேன். "திரும்புங்க அத்தை."

"எதுக்கு?"

"திரும்பி நிலையைப் பிடிச்சிக்கோங்க."

"ஐய, போய் வேலையப் பாரு. எனக்கின்னா, பரவால்ல."

"அந்தப் பரவால்லைய எடுத்துக் குப்பைல போடுங்க. திரும்புங்க."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். நான் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, அவர் எனக்குச் செய்த மாதிரியே அமுக்கினேன். அவர் நெற்றியை நிலையில் சாய்த்துக்கொண்டார்.

"அங்க இல்ல" என்றார் கடைசியில், எரிச்சலாக. "கீழ. இன்னும் கீழ."